வாய் திறந்து கிடந்த மூட்டைகள்

அக்டோபர் 7, திங்கள். ஜெபமாலை மாதா திருநாள்

இன்று கிட்டங்கி மந்திரிப்பில் இருந்தவர்கள்: பங்குச் சாமியார், அவருக்குத் தீர்த்தச் செம்பு பிடித்துவந்த கோவில்பிள்ளை அந்தோனிமுத்து, என் இளைய மகன் கஸ்பார், அவன் பெண்டாட்டி மெர்சலின், மெர்சலினின் தம்பி லியோன், மெஷின் ஓட்டுகிற இசக்கி, என் மூத்த மகன் விட்டுப்போன ஒரே பிள்ளை ஆக்சிலியா, பிறகு நான். வேறு யாரும் இல்லை. பின்னால் யாராவது வந்து நானும் இருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

மறந்துவிடும் என்று பயந்து எழுதவில்லை. எனக்கு எதுவும் மறப்பதில்லை. கஸ்பார் கல்யாணப் பந்தியில் என் இலையில் மீன் வால்துண்டை வைத்தது மெர்சலினின் அம்மா என்பதும், அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலைக் கரையும்கூட இப்போது கேட்டாலும் சொல்வேன். எழுதுவது ஆசைக்காக. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தி, என் தங்கச்சியை மட்டும் மேலே படிக்க அனுப்பிய சிஸ்டர் எமரன்சியா இதைப் பார்க்க வேண்டும்.

சரக்கு போட்டு வைக்கிற அந்தக் கிட்டங்கி கஸ்பாருடையது. கடற்கரை ரோட்டில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு வலை போட்டு வைத்திருந்தான். இப்போது ஆக்சிலியாவுக்கு விட்டிருக்கிறான். மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் அவள் கோப்பை அடிக்கப் போகிறாள். தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாக மக்கிவிடுமாம். டிசம்பரில் வருகிற சவேரியார் திருநாளுக்கு ஊருக்கே போடுகிற அசனச் சாப்பாட்டில் பாயசக் கோப்பை முழுவதும் அவளுடையதுதான் என்று பங்கில் சொல்லியிருக்கிறார்கள். கஸ்பாரும் வார்த்தை கொடுத்திருக்கிறான். அசனத்துக்கு நல்லபடியாகக் கோப்பை தந்துவிட்டால் கிட்டங்கிச் சாவி அவளுக்கே. தரவில்லையென்றால் லியோன் அங்கே நண்டு கம்பெனி வைப்பான். லியோன் மந்திரிப்பு நடக்கும்போதே காலடி வைத்துச் சுவரை அளந்தான். நான் பார்த்தேன்.

கோப்பை அடிக்கிற பிளாஸ்டிக் குருணை வந்திருக்கிறது. வெள்ளைவெளேரென்று ஜவ்வரிசி போல. ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் வெள்ளித்தாள் பை, அதன் வாய் ஒட்டியிருக்கும். எங்கள் ஆட்களிடம் மூடி வைத்த எதையும் மந்திரிக்கிற வழக்கம் கிடையாது. வலையென்றால் விரித்துப் போடுவோம், புதுவீடென்றால் அடுக்களை டப்பா வரைக்கும் திறந்து வைப்போம். மந்திரித்ததை உடனே மூடவும் மாட்டோம், தீர்த்தம் தானாகக் காய வேண்டும். மூட்டைகளையும் திறந்து வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இசக்கி கத்தியால் ஒவ்வொன்றாகக் கீறினான். ஆக்சிலியா அந்நேரம் சாமியாரைக் கூட்டிவர ஆட்டோவில் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் வாசலில் நின்று மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சாமியார் கூட இருந்ததால் முக்காடு போட்டுக்கொண்டு முழங்கால் போட்டுவிட்டாள்.

மந்திரித்து முடித்ததும் இசக்கி முதல் கோப்பைகளை அடித்துக் காட்டினான். கொதிக்கக் கொதிக்கக் கட்டஞ்சாயா ஊற்றிச் சாமியார் குடித்தார். கோப்பை அசையவில்லை. சாயங்கால ரயிலில் ஆக்சிலியா அச்சு ஒன்றைச் சரிபார்க்க மெட்ராஸ் போய்விட்டாள். தீர்த்தம் காயட்டும் என்று மூட்டைகள் திறந்தபடியே கிடந்தன.

அக்டோபர் 12, சனி

நல்ல மழை. வாளைக்கருவாட்டை மாடியிலிருந்து எடுக்கச் சொல்லி மூன்று தடவை கத்தினேன், மெர்சலின் காதில் விழவில்லை. போன மழைக்கும் விழவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

ஆக்சிலியா வந்துவிட்டாள். குளிக்கக்கூட இல்லை, நேரே கிட்டங்கிக்குப் போய் மூட்டை எல்லாவற்றின் வாயையும் இறுக்கிக் கட்டினாள். யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான்தான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேனே, என்னிடமாவது கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 19, சனி

கோப்பை கெட்டுப்போய் வருகிறது. உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். சாயா ஊற்றினால் அடியில் முடிபோல ஒரு கீறல் ஓடுகிறது, பிறகு பட்டென்று விட்டுவிடுகிறது. என் மடியிலேயே ஒன்று விட்டது. பழைய சேலை, பரவாயில்லை.

மந்திரிப்பு அன்று அடித்த கோப்பை ஒன்று ஜன்னலில் இருக்கிறது. அதே மெஷின், அதே இசக்கி, அதே குருணை. அது நிற்கிறது, இது வெடிக்கிறது. ஏன்? இந்தக் கையில் ஒன்று அந்தக் கையில் ஒன்று வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். தட்டினால் சத்தம்கூட வேறு. நல்லது ணங்கென்கிறது, கெட்டது இருமுகிறது.

குருணை காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துவிட்டதாம். ஈரத்தோடு மெஷினுக்குள் போய் உருகும்போது அந்தத் தண்ணீர் உள்ளே சும்மா இருப்பதில்லை, கத்திரிக்கோல் மாதிரி நீள நீளமான இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது என்று ஆக்சிலியா சொன்னாள். நறுங்கின இழையில் நெய்த வலை என்னத்தைத் தாங்கும்? எனக்கு உடனே புரிந்துவிட்டது. காயவைத்துவிட்டு அடித்தால் சரியாகிவிடும் என்றாள். காயவைக்க ஒரு சூட்டுப் பெட்டி இருக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

சரியாகவில்லை. கம்பெனிக்காரன் தாளில் போட்ட சூட்டை அப்படியே வைத்துப் பெட்டிக்குள் கொட்டினார்கள். திறந்து பார்த்தால் குருணை குருணையாக இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிக் கடலைமிட்டாய்க் கட்டியாக நிற்கிறது. இசக்கி கடப்பாரையால் நெம்பி எடுத்தான். ஆக்சிலியா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இந்தச் சூட்டில் ஒட்டவே ஒட்டாது என்று அதில் போட்டிருக்கிறதாம்.

தாள் பொய் சொல்கிறதா, குருணை பொய் சொல்கிறதா?

அக்டோபர் 22, செவ்வாய்

கம்பெனிக்குப் போன் பண்ணினாள். புதுச் சரக்கு கிறிஸ்மஸ் கழிந்துதான் வருமாம். பை திறந்து கிடந்ததா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆக, அசனத்துக்கு இருக்கிற இந்த மூட்டைகள்தான் கதி.

அக்டோபர் 24, வியாழன்

கஸ்பார் கிட்டங்கிக்கு வந்தான். வெடித்த கோப்பை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினான், அப்பளமாக நொறுங்கியது. லியோன் பின்னால் நின்று சிரித்தான். லியோனுக்குப் பல் வரிசை நன்றாக இருக்கும், அதைக் காட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது.

மெர்சலின்தான் அதை முதலில் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள்.

"தீர்த்தம் பட்டதுனால ஈரமாயிருக்குமோ என்னமோ."

மந்திரித்த தண்ணீரால் கேடு வந்ததாம்! சாமியார் செம்பிலிருந்து விரலால் தெளித்தது நாலு துளி. அது முன்வரிசை தாண்டிப் போகவேயில்லை. பின்வரிசை மூட்டைகள் சொட்டுத் தீர்த்தம் படாமல் சுவரோரம் இருந்தன. இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆக்சிலியா மட்டும் தலையை நிமிர்த்தி, எந்த மூட்டை முன்னால் இருந்தது, எது பின்னால் என்று உங்களால் இப்பவும் சொல்ல முடியுமா ஆச்சி என்று கேட்டாள்.

முடியாமல் என்ன? மூலையில் நீலக்கட்டுப் போட்டது, அதற்கு அடுத்து ஓரம் கிழிந்தது, அதற்கடுத்து லியோன் சாய்ந்து நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். திறக்கச் சொன்னது யார் என்பது ஒன்றுதான் சரியாக ஞாபகம் வரவில்லை. ஒரு பொம்பளைக் குரல், அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே மூன்று பொம்பளைகள்தான், அதில் ஆக்சிலியா வெளியே போயிருந்தாள். மெர்சலின் எதையும் உரக்கச் சொல்கிறவள் இல்லை.

கூட்டத்தில் எந்தக் குரல் யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

அக்டோபர் 25, வெள்ளி

மழை. அடுக்களையில் ஓலைப்பெட்டியைத் திறந்தால் கருப்பட்டி வேர்த்து நிற்கிறது. கோடையில் சுத்தியல் போட்டு உடைக்கிற கருப்பட்டி, இப்போது நகம் பதிகிறது. அடுப்பு மேட்டில் வைத்தேன். ஈரம் போக வேண்டுமே என்று வைத்தால், நெருப்புச் சூட்டில் இன்னும் இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. போன பங்குனியில் இதே இடத்தில் இதே சூட்டில்தான் இருந்தது, அன்றைக்கு ஒட்டவில்லை. இதை ஆக்சிலியாவிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாளாம், ஆனால் எத்தனை டிகிரி என்று தெரியாமல் எதுவும் செய்ய முடியாதாம். திங்கட்கிழமை அவள் படித்த காலேஜுக்குக் குருணை எடுத்துப் போகிறாள். நானும் வருவேன் என்றேன். பஸ்ஸில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 28, திங்கள்

இன்று பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

காலேஜ் ஆய்வகத்து டீச்சர் பெயர் ஷமீமா. காயல்பட்டினத்துப் பிள்ளை. எனக்கு நாற்காலி போட்டு, மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தது. எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுகிற பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் நன்றாக இருக்கட்டும்.

கம்மல் திருகாணி அளவுக்கு ஒரு அலுமினியக் கிண்ணம். அதற்குள் குருணையிலிருந்து சீவிய ஒரு துணுக்கை இடுக்கியால் வைத்து, மூடி போட்டு அமுக்கி, மூடியில் ஊசிமுனையால் ஒரு துளையும் போட்டார்கள். பக்கத்தில் அதே மாதிரி வெறுங்கிண்ணம் ஒன்று. இரண்டையும் அடுப்பில் வைப்பது போல வைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றுகிறது மெஷின். இரண்டும் ஒரே சூட்டில் ஏற வேண்டும். வெறுங்கிண்ணத்தைவிடக் குருணை இருக்கிற கிண்ணம் எவ்வளவு சூட்டைக் கூடுதலாகக் குடிக்கிறது என்று அது கவனித்துக்கொண்டே போய்க் கோடு போடுகிறது. கோடு நேராகப் போகும். ஒரு இடத்தில் சட்டென்று படி இறங்கும். அங்கேதான் குருணை உருகாமலே இளகுகிறது. கல்லாக இருந்தது ரப்பர் மாதிரி ஆகிற இடம்.

முதலில் நன்றாகக் காய்ந்த குருணை, டீச்சர் முன்பே வைத்திருந்தது. படி அறுபது டிகிரிக்குப் பக்கத்தில். அடுத்து எங்கள் மூட்டைக் குருணை. நாற்பத்தெட்டிலேயே இறங்கிவிட்டது.

"பாத்தீங்களா பாட்டி, தண்ணி உள்ள போயி இழைகளுக்கு நடுவுல உக்காந்துக்குது. இழையெல்லாம் ஒண்ணையொண்ணு விட்டு வழுக்கிப் போகுது. அதான் சீக்கிரமே இளகிடுது" என்றது ஷமீமா.

அப்படியென்றால் தாளும் பொய் சொல்லவில்லை, குருணையும் பொய் சொல்லவில்லை. தாளில் இருப்பது காய்ந்த குருணையின் சூடு. நாங்கள் ஈரக் குருணையை அந்தச் சூட்டில் போட்டோம், ஒட்டிக்கொண்டது.

பிறகு தீர்த்த விவகாரம். முன்வரிசை மூட்டையில் ஒரு துணுக்கு, பின்வரிசையில் ஒரு துணுக்கு, என் ஞாபகப்படி ஆக்சிலியா பொட்டலம் கட்டி எழுதி வந்திருந்தாள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. தீர்த்தம் பட்டதும் ஈரம், படாததும் அதே ஈரம். கடற்காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. மெர்சலினிடம் காட்ட அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்போது நான் ஒன்று கேட்டேன். இது கெட்டுப்போய்விட்டதா, இல்லை நனைந்து மட்டும் இருக்கிறதா? ஷமீமா ஆக்சிலியாவைப் பார்த்துச் சிரித்தது. அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறார்களாம். நாங்கள் பார்த்த அதே கிண்ணத்தை, குருணையை மாற்றாமல், ஆறவிட்டு இன்னொரு தடவை சூடேற்றினார்கள். முதல் தடவைச் சூட்டில் துளை வழியாகத் தண்ணீர் போயிருக்கும். கோடு நாற்பத்தெட்டைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது. அறுபதுக்குப் பக்கத்தில் வந்துதான் படி இறங்கியது.

ஆக்சிலியா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் அப்பனுக்கும் அப்படித்தான், சந்தோஷம் வந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பான்.

உருக்காதவரைக்கும் கேடில்லை. வெடித்த கோப்பையை யாராலும் சரிபண்ண முடியாது, அதில் இழையே நறுங்கிவிட்டது. மூட்டையில் இருப்பது வெறும் ஈரம். வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், சூடு வைத்தால்தானே காயும், சூடு வைத்தால் ஒட்டுகிறதே, பிறகு எப்படி? அவள் ஜன்னலில் விரலால் ஏணி மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டினாள். முதலில் நாற்பதுக்கும் கீழே வைத்துக் கொஞ்சம் ஈரத்தை வாங்க வேண்டும். ஈரம் குறையக் குறைய அது இளகுகிற சூடு மேலே ஏறும். அது ஒரு படி ஏறினால் நாமும் ஒரு படி ஏற்றலாம். அதை முந்தவே கூடாது.

நவம்பர் 2, சனி. கல்லறைத் திருநாள்

மூத்தவன் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூப்போட்டோம். மெர்சலின் மெழுகுவத்தி எடுத்துவர மறந்துவிட்டாள். ஆக்சிலியா முழங்கால் போட்டிருந்தபோது அவள் தலைமுடியில் ஒரு வெள்ளைக் குருணை ஒட்டியிருந்தது. நான் எடுக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

காயவைக்கிற வேலை நடக்கிறது. தட்டு தட்டாகப் பரப்பிப் பெட்டிக்குள் வைத்து, குறைந்த சூட்டில் ஆரம்பித்தார்கள். காற்றை வெளியே இழுக்க ஒரு விசிறி. ஒரு பிடி குருணையை நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்துப் பார்க்கிறாள். எடை குறைந்துகொண்டே வருகிறது. குறைவது அத்தனையும் தண்ணீர்! கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். குருணையைக் கையில் அள்ளினால் ஈரமே தெரியாது, பொருபொருவென்றுதான் இருக்கும். நான் கன்னத்தில்கூட வைத்துப் பார்த்தேன்.

எனக்கு நாற்காலி பெட்டிக்குப் பக்கத்தில். ஒட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு சத்தம் கிடையாது ஆச்சி என்கிறான் இசக்கி. இருந்தாலும் கேட்கிறேன். வீட்டில் இருந்தால் சுவரையும் மெர்சலினையும் பார்க்க வேண்டும். இங்கே ஏதாவது ஒன்று எந்நேரமும் இளகுகிறது, இறுகுகிறது, சுருங்குகிறது. இந்த வயதில் இப்படி ஒரு இடம் எனக்குக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

நவம்பர் 9, சனி

ஒரு தட்டு ஒட்டிவிட்டது. இசக்கி அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றியிருக்கிறான். ஆக்சிலியா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குக் கோபமே வராதா? அவள் தாயும் இப்படித்தான். மஸ்கட்டில் நர்ஸாக இருந்துகொண்டு, நான் போனில் என்ன ஏசினாலும் சரிங்க அத்தை என்பாள். எதிர்த்துப் பேசாதவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

நவம்பர் 14, வியாழன்

எடை நின்றுவிட்டது. இன்றைக்கும் நேற்றைக்கும் ஒரே எடை. இனி போவதற்குத் தண்ணீர் இல்லை. வெள்ளித்தாள் பைகளில் சூடாகவே கட்டி வைத்தார்கள். தேவைக்கு ஒரு பையை மட்டும் திறந்து, அதையும் நேரே மெஷின் வாயில் கொட்டி மூடி போட்டுவிட வேண்டும்.

நவம்பர் 20, புதன்

ணங்கென்கிறது.

கொப்புளம் இல்லை. அச்சுக்குள்ளேயே சூட்டோடு சற்று வைத்திருந்து இறுகவிட்டு எடுக்கிறார்கள், அப்போதுதான் கொதிக்கிற பாயசத்தைத் தாங்குமாம். நானே சாயா ஊற்றிக் குடித்தேன். மூன்று கோப்பை சாயா ஆகிவிட்டது, பரிசோதனைக்காக. சர்க்கரை வியாதியை ஞாபகப்படுத்தினாள் ஆக்சிலியா. கோப்பையைக் கவனி என்றேன்.

வெள்ளிக்கிழமை கஸ்பார் வந்து பார்க்கிறான்.

நவம்பர் 22, வெள்ளி

இருந்தவர்கள்: கஸ்பார், மெர்சலின், லியோன், இசக்கி, ஆக்சிலியா, நான்.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அப்படியே ஊற்றச் சொன்னான் கஸ்பார். இசக்கி ஊற்றினான். எல்லோரும் குனிந்து பார்த்தோம். கோப்பை நின்றது. லியோன் ஒன்றை எடுத்துக் கீழே போட்டான், அது துள்ளிக்கொண்டு போய் மெர்சலின் காலடியில் நின்றது. மெர்சலின் அதை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தாள். அதற்காக அவள் குற்றக் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொண்டேன்.

கஸ்பார் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். கொடுத்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"கோப்பை நல்லாத்தான் இருக்கு, நான் இல்லங்கல. ஆனா இம்புட்டு அல்லாட்டமும் எதுனால வந்துச்சு? அன்னைக்கு மூட்டையத் தொறக்கச் சொன்னது யாரு? அந்த ஆளு இனி இதுக்குள்ள கால் வைக்கக் கூடாது. அது தெரியாம நான் சாவியக் குடுக்க மாட்டேன்."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. இசக்கி மெஷினைப் பார்த்துத் திரும்பி நின்றான். மெர்சலின் என்னைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள்.

நான் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தேன். என் முழங்கால் எழுவதற்கு நேரமாகும், அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் முழுதாக நிமிர்வதற்குள் ஆக்சிலியா பேசிவிட்டாள்.

"நாந்தான் சித்தப்பா. ஆட்டோல போகும்போது இசக்கியண்ணனுக்குப் போன் போட்டு நாந்தான் தொறந்து வைக்கச் சொன்னேன்."

கஸ்பார் இசக்கியைப் பார்த்தான். இசக்கி தலையைத் தூக்காமல் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"படிச்ச பிள்ள நீயா?" என்றான் கஸ்பார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்ன வரக்கூடாதுன்னு சொல்ல முடியாது, வேல நிக்கும். அசனத்துக்குக் கோப்பைய அடி, பொறவும் அடி. ஆனா சாவி லியோன்ட்ட இருக்கட்டும். அவன் வந்து தொறப்பான், அவன் பூட்டுவான். மூட்டையப் பிரிக்கணும்னா அவன்ட்ட கேட்டுட்டுப் பிரி."

லியோன் சாவியை வாங்கி விரலில் மாட்டிச் சுற்றினான்.

அப்போதுதான் கஸ்பார் என்னைக் கவனித்தான்.

"நீங்க ஏம்மா எந்திரிச்சு நிக்கிய?"

கால் மரத்துவிட்டது என்றேன்.

நவம்பர் 23, சனி

ஆக்சிலியா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து தந்தாள். எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"பொய்யா? அப்ப நெசம் என்னன்னு நீங்க சொல்லுங்க ஆச்சி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

காப்பி ஆறிவிட்டது.

அவளே பிறகு சொன்னாள், உங்களை வீட்டுக்குள் உட்கார வைத்தால் ஒரு வாரம் தாங்கமாட்டீர்கள், எனக்குச் சாவி இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது என்று. நான் கேட்டேனா? இவளிடம் வந்து என்னைக் காப்பாற்று என்று நான் கேட்டேனா?

நவம்பர் 27, புதன்

கஸ்பார் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தேன். அந்த மூட்டை விஷயம் என்று ஆரம்பித்தேன். அத விடுங்கம்மா, அவளே ஒத்துக்கிட்டா, முடிஞ்சு போச்சு என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு துண்டு மீன் கேட்டான். வைத்தேன். நடுத்துண்டுதான் வைத்தேன். பிறகு மாடிக்கு வந்துவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய். சவேரியார் திருநாள்

அசனம் முடிந்தது. பந்தி பந்தியாகப் பாயசம். ஒரு கோப்பைகூட வெடிக்கவில்லை. சாமியார் மைக்கில் ஆக்சிலியா பெயரைச் சொன்னார். கஸ்பார் எங்க வீட்டுப் பிள்ளை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தின்று முடித்த கோப்பைகளைக் கல்லறைத் தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் போட்டார்கள். அங்கே ஈரமும் சூடும் சேர்ந்து அதே கத்திரிக்கோல் வேலையைச் செய்யுமாம், இழை இழையாக நறுக்கி மண்ணாக்கிவிடும். மெஷினுக்குள் கெடுதல், குழிக்குள் நல்லது. தண்ணீர் ஒன்றுதான், நேரம்தான் வேறு. எத்தனை நாள் எடுக்கும் என்று போய்ப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

முதல் வெள்ளி. காலைப் பூசை முடிந்து கடற்கரை ரோடு வழியாக வந்தேன். தூற்றல். கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. லியோன் இன்னும் எழுந்திருக்க மாட்டான். ஆக்சிலியா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், இசக்கி சற்றுத் தள்ளி, இருவரும் தலையில் வெள்ளித்தாள் பையைப் போட்டுக்கொண்டு. தான் படித்து, தான் வாங்கி, தான் காயவைத்து எடுத்த சரக்குக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். வாங்க ஆச்சி, இப்ப தொறந்துருவாங்க, உங்க நாற்காலியைத் துடைச்சு வச்சிருக்கேன் என்றாள். அவள் முகத்தில் ஒரு சுணக்கம் இருக்கிறதா என்று நன்றாகத் தேடினேன். இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின இந்த வருகைக் காலத்தில் மனஸ்தாபங்களை விட்டுவிடச் சொல்லிச் சாமியார் பிரசங்கம் வைத்தார். விடுகிறேன். கஸ்பாரை விடுகிறேன், நான் பெற்ற பிள்ளை. லியோனை விடுகிறேன், அவன் சோம்பேறி, அவ்வளவுதான். மெர்சலினையும்கூட விட்டாயிற்று. அவளுக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருந்தது, இன்றுவரை வாய் திறக்கவில்லை.

என் முழங்கால் நிமிர்கிற வரைக்கும்கூடப் பொறுக்காமல், நான் சொல்ல இருந்ததை எனக்கு முன்னால் எடுத்துச் சொல்லிவிட்டு, இப்போது எனக்கு நாற்காலி துடைத்து வைத்திருக்கிற ஒருத்தியை மட்டும் நான் செத்தாலும் மன்னிக்க மாட்டேன். அவள் பெயர் ஆக்சிலியா மரிய வாஸ்.